உரியவர் வராத கணக்கு

1

மருத்துவம் படிக்கிற மாணவனிடம் என்ன ஆகப்போகிறாய் என்று கேட்டால், கொஞ்சம் கூர்மையானவனாக இருந்தால், 'மருத்துவமும் ஆராய்ச்சியும்' என்று சொல்கிறான். இரண்டிலும் ஒட்டிக்கொண்டிருக்கும் அந்த 'உம்'மைப் பற்றி அவன் யோசிப்பதில்லை. கேட்கிறவர்களும் யோசிப்பதில்லை. இலக்கணத்தில் இதற்கு எண்ணும்மை என்று பெயர். ஒரே வரிசையில் நிற்கக்கூடியவற்றை அடுக்கிச் சொல்வதற்கு உரியது: உப்பும் புளியும், இரவும் பகலும். ஆனால் உம்மைகளில் ஐயவும்மை என்றும் ஒன்று உண்டு. மாணவன் எண்ணும்மையாகச் சொல்வது எனக்கு ஐயவும்மையாகவே கேட்கிறது. ஒரே ஆள், ஒரே மனசாட்சியை வைத்துக்கொண்டு, இந்த இரண்டு காரியங்களையும் செய்ய முடியுமா என்பதுதான் இங்கே என் விசாரம்.

மருத்துவனுக்கு எதிரே உட்கார்ந்திருப்பது ஒரு ஆள். பெயர் இருக்கிறது, ஊர் இருக்கிறது, வலி இருக்கிறது. அந்த நேரத்தில் அவனுக்கு உலகம் 'இவள்' என்ற ஒரு சொல்லில் அடங்கிவிட வேண்டும். அடங்காவிட்டால் அவன் நல்ல மருத்துவன் அல்ல. ஆராய்ச்சிக்காரனுக்கு 'இவள்' போதாது. ஒருத்தி குணமானதிலிருந்தோ இறந்ததிலிருந்தோ அவனால் ஒன்றும் நிச்சயமாகச் சொல்ல முடியாது. அவனுக்கு 'இவர்கள்' வேண்டும். 'இவர்கள்' என்று சொல்வதற்காக 'இவளை' இவளாக்குகிற பலவற்றை அவன் தள்ளிவிட வேண்டும். அவள் மாப்பிள்ளை குடிகாரன் என்பது, அவள் ஆட்டுக்குட்டிக்குப் பெயர் வைத்திருக்கிறாள் என்பது, இதெல்லாம் அவன் படிவத்தில் இடமில்லாத தகவல்கள்.

நான் மருத்துவன் அல்ல. ஆங்கில இலக்கியத்தில் பி.ஏ. படித்துவிட்டுப் புதுக்கோட்டையில் வங்கிக் குமாஸ்தாவாக இருப்பவன். மீதி நேரத்தில் விமர்சனம் எழுதுகிறவன். இந்தப் பிரச்சினை எனக்கு எதற்கு என்று கேட்கலாம். ஆனால் இந்தப் பக்கங்களைப் படிக்கிற யாருக்கும் இது அந்நியமானதல்ல என்றே நினைக்கிறேன். ஒரு கிழவியைப் பற்றிக் கதை எழுதும்போது அவளை 'ஏழைப் பெண்களின் பிரதிநிதி'யாக ஆக்குகிற கணத்திலேயே அந்தக் கிழவி செத்துப்போகிறாள் என்று நாம் ஒருவரையொருவர் எச்சரித்துக்கொண்டே வந்திருக்கிறோம். அதே காரியத்தை ஆராய்ச்சிக்காரன் செய்கிறபோது கிழவிகள் பிழைக்கிறார்கள். சங்கடம் இங்கேதான் தொடங்குகிறது. இலக்கியத்தில் பாவமான ஒன்று இன்னொரு துறையில் எப்படி நன்மையாகிறது? நன்மையாகிறது என்பதால் பாவமில்லாமல் போகிறதா?

2

இந்த ஊரில் இருந்துகொண்டு இதை யோசிக்கிறவன் முத்துலட்சுமி ரெட்டியிடமிருந்துதான் தொடங்க வேண்டும். 1886-இல் புதுக்கோட்டை சமஸ்தானத்தில் பிறந்தவர். தந்தை நாராயணசாமி ஐயர் கல்வித்துறையில் இருந்தவர். தாய் சந்திரம்மாள் இசை வேளாளர் குலம். ஆண்கள் மட்டுமே படித்துவந்த மகாராஜா கல்லூரியில் அவரைச் சேர்க்க எதிர்ப்பு எழுந்தது. மன்னர் மார்த்தாண்ட பைரவத் தொண்டைமான் அதைப் பொருட்படுத்தாமல் அனுமதி கொடுத்தார். 1907-இல் சென்னை மருத்துவக் கல்லூரியில் சேர்ந்து 1912-இல் பட்டம் பெற்றார். 1927-இல் சென்னைச் சட்டசபைக்குப் போனார். பிரிட்டிஷ் இந்தியாவில் ஒரு சட்டசபைக்குள் போன முதல் பெண் அவர்.

இவற்றை ஜூலை மாதத்து விழா மேடைகளில் எல்லோரும் சொல்கிறார்கள். அந்த மேடைகளில் தவறாமல் வருகிற இன்னொன்று அவருடைய தங்கையின் மரணம். தங்கை புற்றுநோயில் இறந்தார். அக்காள் டாக்டர், கூடவே இருந்து பார்த்தவர், ஒன்றும் செய்ய முடியவில்லை. பல வருஷ முயற்சிக்குப் பின், 1952-இல் நேரு அடிக்கல் நாட்டி, 1954-இல் அடையாறு புற்றுநோய் நிலையம் திறக்கப்பட்டது. மிகச் சில படுக்கைகளோடு ஆரம்பித்த அந்த ஸ்தாபனம் மருத்துவமனையாகவும் ஆராய்ச்சிக்கூடமாகவும் வளர்ந்தது. முத்துலட்சுமி ரெட்டி 1968-இல் இறந்தார்.

'துயரத்தைத் தொண்டாக மாற்றினார்' என்று பேச்சாளர் முடிப்பார். கைதட்டல். இந்த 'மாற்றினார்' என்ற சொல்லை என்னால் ஏற்றுக்கொள்ள முடியவில்லை. நெல்லை அரிசியாக மாற்றலாம். மாற்றியபின் நெல் இல்லை. தங்கையின் மரணம் அப்படி எதுவாகவும் மாறிவிடவில்லை. 1954-க்குப் பின் அடையாற்றில் பிழைத்த எவரும் அந்தத் தங்கை அல்ல. அக்காளுக்கு இது தெரியாமல் இருந்திருக்காது. ஒரு நிலையம் எழுந்ததால் தங்கையின் மரணத்துக்கு அர்த்தம் கிடைத்துவிட்டது என்று சொல்வது, கேட்க இனிமையாக இருந்தாலும், இறந்தவளை இரண்டாம் முறை பயன்படுத்திக்கொள்வதுதான். பேச்சாளர் ஒரு கணக்கை முடித்துவைக்கிறார். அது முடியாத கணக்கு என்பது என் எண்ணம்.

3

முத்துலட்சுமி படித்த அதே சென்னை மருத்துவக் கல்லூரியில், அவர் வெளிவந்து சில வருஷங்களில், இன்னொரு மாணவர் சேர்ந்தார். பீமவரத்தில் 1895-இல் பிறந்த எல்லாப்பிரகட சுப்பாராவ். இவர் கதையிலும் உடன்பிறந்தார் மரணம் இருக்கிறது. இவருடைய சகோதரர்கள் இருவர் 'ஸ்ப்ரூ' என்ற குடல்நோயில் இறந்தார்கள். சாப்பிட்டது உடம்பில் சேராமல், ரத்தம் சுண்டி, மெலிந்துபோகிற நோய்.

சுப்பாராவ் நோயாளியின் பக்கம் போகவில்லை. 1923-இல் அமெரிக்காவில் பாஸ்டன் நகருக்குப் போய் ஹார்வர்டில் சேர்ந்தார். சைரஸ் ஃபிஸ்கேயுடன் சேர்ந்து உடல் திரவங்களில் பாஸ்பரஸை அளப்பதற்கு ஒரு முறையைக் கண்டார். 1925-இல் அது வெளிவந்தது. உயிரணுக்கள் சக்தியைச் சேமித்துச் செலவழிக்கிற விதத்தைப் பற்றிய அவர்களுடைய வேலை அதிலிருந்து வந்தது. பிறகு லெடர்லி கம்பெனியின் ஆராய்ச்சிக்கூடத்தில் இருந்தபோது, 1940-களில், அவர் தலைமையில் இருந்த குழு ஃபோலிக் அமிலத்தைச் செயற்கையாகத் தயாரித்தது. ஸ்ப்ரூவினால் வரும் ரத்தசோகைக்கு அது மருந்து. அந்த அமிலத்தைக் கொஞ்சம் திரித்து அமைத்த ரசாயனங்களைக் கொண்டுதான் 1948-இல் சிட்னி ஃபார்பர் ரத்தப் புற்றுநோய் கண்ட குழந்தைகளுக்குத் தற்காலிகமாகவேனும் நோயைத் தணித்துக் காட்டினார். அந்த வம்சத்தில் வந்த மெத்தோட்ரெக்ஸேட் இன்றும் புற்றுநோய்க்கும் மூட்டுவாதத்துக்கும் கொடுக்கப்படுகிறது. அதே 1948-இல் சுப்பாராவ் இறந்தார். இந்தியாவுக்கு அவர் திரும்பவில்லை. விட்டுப்போன மனைவியை மறுபடி பார்க்கவும் இல்லை.

ஒரே கல்லூரியிலிருந்து கிளம்பிய இரண்டு பாதைகள். ஒருவர் படுக்கையின் பக்கம், ஒருவர் குப்பியின் பக்கம். பலனை வைத்துக் கணக்குப் பார்த்தால் குப்பிதான் ஜெயிக்கும். ஃபோலிக் அமிலத்தால் பயனடைந்தவர்களை எந்த மருத்துவமனையும் ஒரு நூற்றாண்டில் பார்த்துவிட முடியாது. ஆனால் வேறொன்றும் உண்மை. சுப்பாராவ் தன் வாழ்க்கையில் 'இவள்' என்ற சொல்லை ஏறக்குறைய முழுவதும் விட்டுக்கொடுத்துத்தான் 'இவர்கள்' என்ற சொல்லைப் பெற்றார். நோயாளியை மட்டும் சொல்லவில்லை. நான் அவரைக் குறை சொல்ல வரவில்லை; அதற்கு எனக்கு யோக்யதையும் இல்லை. விலை இருந்தது என்று மட்டும் சொல்கிறேன். அந்த விலையின் ஒரு பகுதியை, கேட்கப்படாமலே, வேறு ஒருத்தி கொடுத்தாள்.

4

அப்படியானால் 'இவள்' என்ற சொல்லோடு நின்றுவிடுவதே தர்மம், ஆராய்ச்சி மனிதனை எண்ணாக்கும் வன்முறை என்று ஒரு வாதம் இருக்கிறது. நம் வட்டத்தில் இது செல்லுபடியாகிற வாதம். எழுத்தாளனுக்குச் சுலபமாகப் பிடிக்கும். இதை நான் ஏற்கவில்லை. காரணம் சென்னையிலேயே இருக்கிறது.

1950-களில் காசநோய்க்காரர்களை சானடோரியத்தில் படுக்கவைப்பது மருத்துவ வழக்கம். ஓய்வு, நல்ல காற்று, நல்ல சாப்பாடு. அன்புள்ள ஒரு டாக்டர் தன் எதிரே இருமுகிறவளுக்கு அதையே விரும்புவார். படுக்கைகளோ நோயாளிகளில் ஒரு சிறு பங்குக்குக்கூடப் போதாது. 1956-இல் சென்னையில் தொடங்கப்பட்ட காசநோய் வேதிச்சிகிச்சை மையம் நோயாளிகளைக் குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரித்தது. ஒரு பகுதியினர் சானடோரியத்தில். மற்றவர்கள் தங்கள் வீட்டிலேயே, நகரத்தின் நெரிசலான குடியிருப்புகளில், அரைகுறைச் சாப்பாட்டோடு. இரு சாராருக்கும் ஒரே மாத்திரைகள். 1959-இல் முடிவு வெளிவந்தது. வீட்டிலிருந்தவர்கள் ஏறக்குறைய சானடோரியத்தில் இருந்தவர்கள் அளவுக்கே குணமானார்கள். வீட்டிலுள்ள மற்றவர்களுக்கு அதனால் தொற்று அதிகமாகவும் இல்லை. உலகம் முழுவதும் காசநோயாளியை வீட்டிலேயே வைத்துப் பார்க்கும் முறைக்கு இது வழி செய்தது.

'இவளை' மட்டும் பார்த்துக்கொண்டிருந்த எந்த டாக்டருக்கும் இது தெரிந்திருக்க முடியாது. அவருடைய இரக்கமே அவரைத் தவறான நிச்சயத்தில் வைத்திருந்தது. இரக்கத்துக்குக் கண் உண்டு. ஆனால் அது பக்கத்தில் மட்டும் பார்க்கிற கண். இதை ஒப்புக்கொள்ளாமல் ஆராய்ச்சியைப் பழிப்பது எழுத்தாளனின் சொகுசு.

ஆனால் சென்னை உதாரணத்தில் யாருக்கும் மருந்து மறுக்கப்படவில்லை. அதனால் அது நம்மைச் சுலபமாகத் தப்ப விடுகிறது. கொஞ்சம் கடினமான உதாரணம் திண்டுக்கல் மாவட்டத்தில் இருக்கிறது. பெண்களின் கருப்பை வாய்ப் புற்றுநோயை முன்கூட்டிக் கண்டறிய ஒரு எளிய வழி உண்டு. கருப்பை வாயில் நீர்த்த அசிடிக் அமிலத்தைத் தடவினால், சாதாரணமாக நாம் வினிகர் என்கிறோமே அதில் உள்ளதுதான், ஒரு நிமிஷத்தில் சந்தேகத்துக்குரிய இடம் வெளுத்துக் காட்டும். பயிற்சி பெற்ற நர்ஸ் ஒருவர் செய்யலாம். இது உயிரைக் காப்பாற்றுமா என்று பார்க்க லியான் நகரில் உள்ள சர்வதேசப் புற்றுநோய் ஆராய்ச்சி நிறுவனமும் அம்பிளிக்கையில் உள்ள ஒரு கிறிஸ்தவ மருத்துவ மையமும் சேர்ந்து ஒரு ஆய்வு செய்தன. மாவட்டத்தில் 114 தொகுதிகளை எடுத்துக் குலுக்கிப் போட்டார்கள். 57 தொகுதிகளில் 30 முதல் 59 வயதுள்ள பெண்களுக்கு 2000 முதல் 2003 வரை சோதனை. மற்ற 57-இல் சோதனை இல்லை. ஏற்கனவே என்ன உண்டோ அதுதான். 2007-இல் 'லான்செட்' பத்திரிகையில் முடிவு வந்தது. சோதனைத் தொகுதிகளில் இந்த நோயால் மரணம் 35 சதவீதம் குறைந்திருந்தது.

இது நல்ல செய்தி. பின்னால் தமிழ்நாடு அரசு தேனி, தஞ்சாவூர் மாவட்டங்களில் முன்னோட்டமாக இந்தச் சோதனையைத் தொடங்கி, பிறகு மாநிலம் முழுவதும் கொண்டுபோனது. இன்று எங்கள் மாவட்டத்துப் பெண்ணுக்கு அது கிடைக்கிறது. ஆனால் அதே கட்டுரையில் இன்னொரு எண் இருக்கிறது. சோதனை இல்லாத தொகுதிகளில் இருந்த 30,958 பெண்களில் 92 பேர் அந்த நோயில் இறந்தார்கள். அவர்களுக்கும் சோதனை நடந்திருந்தால், அதே 35 சதவீதக் கணக்குப்படி, ஏறத்தாழ முப்பது பேர் இறந்திருக்க மாட்டார்கள்.

அந்த முப்பது பேர் யார்? இங்கே கணக்கு வாயை மூடிக்கொள்கிறது. 92 பேருக்கும் பெயர் உண்டு. ஆனால் அவர்களில் பிழைத்திருக்கக் கூடியவர்கள் இவர்கள்தான் என்று பிரித்துக் காட்ட யாராலும் முடியாது. எதிர்காலத்தில் எவராலும் முடியாது. கொடுத்தவர்கள் இருக்கிறார்கள், அவர்களுக்கு முகம் கிடையாது. தத்துவத்தில் இது விசித்திரமான ஸ்திதி. தனிமனிதர்கள் உண்மையாகவே இழந்த ஒன்று, எந்தத் தனிமனிதர் மேலும் போய் உட்கார மறுக்கிறது.

ஆய்வாளர்கள் பக்கம் ஒரு பதில் உண்டு. அது பொய்யான பதிலும் அல்ல. அந்த ஊர்களில் அதற்கு முன்பும் சோதனை இருக்கவில்லை. இருந்ததை யாரும் பிடுங்கவில்லை. ஆய்வே நடக்காதிருந்தால் 114 தொகுதிகளிலும் பெண்கள் வழக்கம்போல இறந்திருப்பார்கள், எண்ணக்கூட ஆள் இல்லாமல். இன்னும் ஒரு படி மேலே போய்ச் சொல்லலாம்: அறியாமைதான் மிகப் பெரிய ஆய்வு, அது எல்லோரையும் சிகிச்சை இல்லாத பகுதியில் வைக்கிறது, முடிவையும் வெளியிடுவதில்லை. ஒத்துக்கொள்கிறேன். இது அவர்களைக் குற்றத்திலிருந்து விடுவிக்கிறது. கடனிலிருந்து விடுவிக்கிறதா?

குற்றமும் கடனும் வேறு வேறு. இந்த வித்தியாசத்தை நம் ஒழுக்கச் சிந்தனை சரியாகப் பேணவில்லை என்று எனக்குத் தோன்றுகிறது. தப்புச் செய்யாதவனுக்குக் கடன் எப்படி வரும் என்று கேட்கிறோம். தாய்ப்பால் குடித்தவன் என்ன தப்புச் செய்தான்? ஒருவர் கொடுத்ததை வாங்கிக்கொண்டால் போதும், கடன் வந்துவிடுகிறது. அவர் கொடுக்கிறோம் என்று தெரியாமலே கொடுத்திருந்தால் கடன் இன்னும் கனக்கிறது.

5

எங்கள் தெருவில் ஒரு பெண். ஒரு அரசு மருத்துவக் கல்லூரியில் எம்.பி.பி.எஸ். படிக்கிறாள். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில் 1979 முதல் இளங்கலை மருத்துவ மாணவர்களுக்கு இரண்டு மாத ஆராய்ச்சிக்கு உதவித்தொகை கொடுத்துவருகிறது. அப்படி ஒரு வாய்ப்பு அவளுக்குக் கிடைத்தது. கிராமங்களில் வீடு வீடாகப் போய் நாற்பது வயதுக்கு மேற்பட்ட பெண்களுக்கு ரத்த அழுத்தம் பார்த்து, மாத்திரை சாப்பிடுகிறார்களா, ஏன் நிறுத்தினார்கள் என்று படிவத்தில் எழுத வேண்டும். அதிகமாக இருப்பவர்களுக்கு ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு ஒரு சீட்டு எழுதிக் கொடுக்க வேண்டும். அவ்வளவுதான் அவள் கடமை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு வந்திருந்தாள்.

"அண்ணே, அன்னவாசல் பக்கம் ஒரு அம்மா என்னைய ஒன்னு கேட்டாங்க. 'பத்து வீடா எழுதிக்கிட்டே வர்றியே தாயி, இதுல எனக்கு என்ன?'ன்னாங்க."

"நீ என்ன சொன்ன?"

"உங்கள மாதிரி இருக்கறவங்களுக்குப் பின்னாடி நல்லது நடக்கும்மான்னேன்."

"சரியாத்தானே சொல்லியிருக்க."

"அவங்க சிரிச்சாங்கண்ணே. 'என்னைய மாதிரி இருக்கறவளுக்கா? அப்ப எனக்கில்ல'ன்னுட்டாங்க."

இந்தப் பிரச்சினையைப் பற்றி நான் படித்த எதுவும் இதைவிடச் சுருக்கமாக விஷயத்தைச் சொல்லவில்லை. 'மாதிரி' என்ற சொல்லைப் பாருங்கள். புள்ளியியல்காரர்கள் தமிழில் தங்கள் தொழிலுக்கு வைத்துக்கொண்ட சொல்லும் அதுதான்: மாதிரி எடுப்பது. அந்த அம்மாள் அந்தச் சொல்லுக்குள் தனக்கு இடமில்லை என்று ஒரு நொடியில் கண்டுகொண்டாள்.

அந்த அம்மாளுக்கு ரத்த அழுத்தம் மிக அதிகமாக இருந்தது. சீட்டு எழுதிக் கொடுத்தாள். அடுத்த வாரம் விசாரித்தபோது போகவில்லை என்று தெரிந்தது. போனால் ஒரு நாள் கூலி போகும். இவள் லீவு நாளில் பஸ் ஏறிப் போய்த் தானே கூட்டிக்கொண்டு போய்க் காட்டி மாத்திரை வாங்கிக் கொடுத்தாள்.

"நல்ல காரியம்தானே, ஏன் மூஞ்சிய இப்படி வச்சிருக்க?" என்றேன்.

"சீட்டு குடுத்தவங்க இன்னும் இருபது பேருக்கு மேல இருக்காங்கண்ணே. அவங்கள்ல யாரு போனாங்க போகலன்னு எனக்குத் தெரியாது. இந்தம்மா கேள்வி கேட்டாங்க, அதனால கூட்டிட்டுப் போனேன். கேக்காதவங்க என்ன பாவம் பண்ணுனாங்க?"

நான் பதில் சொல்லவில்லை. ஆனால் அவள் கேள்வியில் 'இவள்' பக்கத்து தர்மத்தின் குறையும் தெரிந்துவிட்டது. அது யார் வாய் திறந்தாளோ, யார் முகம் மனதில் ஒட்டிக்கொண்டதோ, அவளைத் தேர்ந்துகொள்கிறது. அதுவும் ஒரு குலுக்கல்தான்; கண்ணியமான குலுக்கல்கூட இல்லை. திண்டுக்கல்லில் சீட்டுப் போட்டவர்களாவது யார் முகத்தையும் பார்க்காமல் போட்டார்கள்.

6

இவ்வளவு தூரம் வந்தபின் 'உம்'முக்குத் திரும்பலாம். இரண்டையும் ஒருவர் செய்ய முடியுமா? செய்தவர்கள் உண்டு. நமக்குத் தெரிந்த ஒருவர் செகாவ். அவரைக் கதைக்காரராக மட்டும் வைத்துக்கொண்டு டாக்டரை மறந்துவிடுகிறோம். 1890-இல், காசநோய் ஏற்கனவே பற்றியிருந்த உடம்போடு, சைபீரியாவைக் கடந்து சாகலின் தீவுக்குப் போனார். கைதிகளையும் குடியேறியவர்களையும் வீடு வீடாகப் போய்ப் பார்த்து ஆளுக்கு ஒரு அட்டை எழுதினார். ஏறக்குறைய பத்தாயிரம் அட்டைகள். பெயர், வயது, எங்கிருந்து வந்தவர், எழுத்தறிவு, நோய். மருத்துவத்துக்குத் தான் பட்ட கடனைக் கொஞ்சம் அடைக்க விரும்புவதாகப் போகும் முன் நண்பருக்கு எழுதிய கடிதத்தில் சொல்லியிருக்கிறார். அந்தப் பத்தாயிரமும் எண்ணிக்கைக்குத்தான். ஆனால் ஒவ்வொரு அட்டைக்காகவும் அவர் ஒரு வாசலில் நின்றிருக்கிறார். புத்தகத்தில் எண்களும் இருக்கின்றன, முகங்களும் இருக்கின்றன. ஒன்றை ஒன்று விழுங்கிவிடவில்லை.

முத்துலட்சுமியின் நிலையத்திலும் இதற்கு இணையான ஒன்று இருக்கிறது. 1955-இல் அங்கே சேர்ந்து 2021-இல் இறக்கும்வரை அதைவிட்டு நீங்காத டாக்டர் சாந்தாவின் காலத்தில், 1980-களின் தொடக்கத்தில், சென்னை நகரத்துக்கான புற்றுநோய்ப் பதிவேடு அங்கே ஆரம்பமாயிற்று. யாருக்கு, எந்த வயதில், எந்த உறுப்பில் நோய் என்று ஒரு நகரம் முழுவதற்கும் எழுதிவைக்கிற வேலை. வெளியே வருவது எண்கள்தான். ஆனால் பதிவேட்டுக்குள் பெயர் இருந்தாக வேண்டும். ஒரே நோயாளி இரண்டு மூன்று ஆஸ்பத்திரிகளுக்குப் போயிருப்பாள்; பெயரையும் விலாசத்தையும் ஒப்பிடாவிட்டால் அவளை மூன்று பேராக எண்ணிவிடுவார்கள். எண்ணிக்கை சரியாக வருவதற்கே பெயர் வேண்டும் என்பது எனக்கு ஆறுதலாக இருக்கிறது. 'இவர்கள்' என்ற சொல், ஒழுங்காகச் சொல்லப்பட்டால், தன் அடியில் ஒவ்வொரு 'இவளை'யும் வைத்துக்கொண்டுதான் இருக்கிறது.

ஆறுதல்தான். தீர்வு அல்ல. கடன் பற்றிய கேள்வி அப்படியே நிற்கிறது. அதற்கு என் தொழிலிலிருந்து ஒரு உதாரணம் சொல்ல அனுமதிக்க வேண்டும்.

பத்து வருஷம் எந்த நடமாட்டமும் இல்லாத டெபாசிட் கணக்குகள் எல்லா வங்கிகளிலும் உண்டு. போட்டவர் இறந்திருக்கலாம், ஊரைவிட்டுப் போயிருக்கலாம், வாரிசுகளுக்குத் தெரியாமல் இருக்கலாம். 2014 முதல் அந்தப் பணத்தை வங்கிகள் ரிசர்வ் வங்கியிடம் உள்ள ஒரு நிதிக்கு மாற்றிவிட வேண்டும். டெபாசிட்தாரர்களின் பொது நலனுக்கு அந்த நிதியிலிருந்து செலவு செய்கிறார்கள். அதாவது ஒருவருடைய பணம் முன்பின் தெரியாத மற்றவர்களுக்குப் பயன்படுகிறது. ஆனால் விதியில் இன்னொரு வாசகமும் உண்டு: உரியவர் எப்போது வந்து கேட்டாலும் கொடுக்க வேண்டும். பணம் நல்ல காரியத்துக்குப் போயிருக்கிறது என்பது அவர் உரிமையை ரத்து செய்வதில்லை. அவர் வரப்போவதில்லை என்று கவுண்டரில் இருக்கிற எங்களுக்கு அநேகமாக நிச்சயமாகத் தெரியும். ஆனாலும் அந்தக் கணக்கை முடித்ததாக எழுத எங்களுக்கு அதிகாரமில்லை. பெயர்ப் பட்டியல் வைத்திருக்க வேண்டும்.

மருத்துவ அறிவு முழுவதும் இப்படி ஒரு நிதி என்று எனக்குத் தோன்றுகிறது. அந்த 92 பேர், சுப்பாராவின் சகோதரர்கள், 1948-இல் கொஞ்ச நாள் தேறிப் பிறகு இறந்த அந்தக் குழந்தைகள், அன்னவாசல் பக்கத்து அம்மாள், எல்லோரும் போட்டுவிட்டுப் போனது. இன்று எந்த மாத்திரையை விழுங்கினாலும் அந்த நிதியிலிருந்துதான் எடுக்கிறோம். எடுப்பதில் தவறில்லை, எடுக்காமல் வீணாக்குவதுதான் தவறு. ஆனால் அவர்கள் கொடுத்தது நல்லதுக்குப் பயன்பட்டுவிட்டது, ஆகவே கணக்கு தீர்ந்தது என்று சொல்ல ஆராய்ச்சிக்காரனுக்கும் அதிகாரமில்லை, விழாப் பேச்சாளருக்கும் அதிகாரமில்லை. பயன் போய்ச் சேர்ந்தது வேறு ஆட்களுக்கு.

ஒரு தர்மசங்கடத்துக்குத் தீர்வு சொல்லாமல் அதை அப்படியே வைத்திருக்கச் சொல்வது தப்பித்தல் என்று நண்பர்கள் சொல்லக்கூடும். நடைமுறையில் என்ன வித்தியாசம் என்றும் கேட்கக்கூடும். வித்தியாசம் உண்டு. கணக்கு தீர்ந்துவிட்டது என்று நம்புகிற ஆராய்ச்சிக்காரன் அடுத்த ஆய்வுக்குக் கிளம்பும்போது, சிகிச்சை இல்லாத பகுதி உண்மையிலேயே தேவையா என்று இரண்டாம் முறை கேட்கமாட்டான். முடிவு தெரிந்த அன்றே அவர்கள் ஊருக்குத் திரும்பிப் போய், உங்களிடமிருந்து தெரிந்துகொண்டது இது, முதலில் உங்களுக்கு, என்று சொல்ல வேண்டும் என அவனுக்குத் தோன்றாது. படிவத்தில் கைநாட்டு வாங்கும்போது 'உங்களுக்கு நல்லது' என்று சொல்லலாமா, 'உங்களை மாதிரி இருக்கிறவர்களுக்கு' என்றுதான் சொல்ல வேண்டுமா என்ற நேர்மையின் கூச்சம் அவனுக்கு வராது. கடன் இருக்கிறது என்று அறிந்தவனுக்கு இவை மூன்றும் வரும். வந்தே தீரும் என்று சொல்லமாட்டேன். வருவதற்கு இடம் இருக்கும்.

ஆகவே மருத்துவமும் ஆராய்ச்சியும் என்று சொல்கிற மாணவனிடமோ மாணவியிடமோ அந்த 'உம்'மைக் கைவிடச் சொல்லமாட்டேன். அதைச் சுலபமாகச் சொல்லாதே என்றுதான் சொல்வேன். ஒரு பக்கம் மட்டும் போனவர்களை உலகம் கொண்டாடும். அவர்களுக்கு நிம்மதியும் ஓரளவு கிடைக்கும். இரண்டு பக்கமும் நிற்கிறவருக்கு நிம்மதி கிடைக்காது. சீட்டுக் கொடுத்த இருபது பேரும் கேள்வி கேட்ட ஒருத்தியும் ஒரே சமயத்தில் மனதில் இருப்பார்கள். அந்தச் சங்கடத்தைப் படிப்பு முடிவதற்குள் போக்கிவிட வேண்டிய பலவீனம் என்று கல்லூரியில் யாராவது சொல்லிக்கொடுத்தால், அந்த ஒரு பாடத்தை மட்டும் அவர்கள் கற்றுக்கொள்ளாமல் வெளியே வர வேண்டும்.